சத்தம் பத்தாது

இந்தப் பக்கம் வந்து உக்காருங்க சேதுபதி சார். அங்க வேண்டாம், அந்த ஃபேன் உங்க மண்டையிலயே காத்தக் கொட்டும். ஆமா, எனக்கு வலப் பக்கம். இப்பச் சொல்லுங்க. மீசைய நீவிக்கிட்டே சொன்னா எப்படி, கையக் கீழ எடுங்க. பட்டாளத்துல அம்புட்டு வருசம் சிப்பாய்களுக்குப் பாடம் நடத்துனேங்கீக, உங்க சத்தத்துக்கு எந்தச் சிப்பாய் சார் அட்டென்ஷன்ல நின்னான்?

சிரிச்சே சமாளிச்சிருங்க. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வத்திராயிருப்புக்குப் பஸ் ஏற வேண்டிய மனுசன நேர் எதிர்த்திசையில ராஜபாளையத்துக்கு இழுத்தாந்திருக்கேன். ஏன் டீச்சர், என்ன வெசயம்னு ஒரு வார்த்தை கேட்டீகளா? ப்ரஷர் பாக்கணும், கூட ஒரு ஆள் வந்தாத் தேவலன்னு சொன்னேன், பையத் தூக்கிட்டீக. உலகத்துல எல்லாத்துக்கும் கேள்வி கேக்குற ஆளு, இதுக்கு மட்டும் கேக்கல.

ஒரு வேலை மட்டும் செய்யணும் நீங்க. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால ஒரு பிள்ள உக்காந்திருக்கு பாருங்க, அது இன்பம்னு எம்பேரக் கூப்பிடும். கூப்பிட்டா என் கையத் தட்டுங்க. நான் பேச ஆரம்பிச்சா ஊரு ஒலகம் மறந்துரும், உங்களுக்குத்தான் தெரியுமே.

நம்ம வில்லிபுத்தூர்ல டாக்டர் இல்லாமலா? இருக்காக. ஆனா அங்க சீட்டு எழுதுறவன், ஊசி போடுறவ, மருந்துக் கடைக்காரன் அம்புட்டுப் பேரும் என்கிட்டப் படிச்சதுக. பெரிய டீச்சர் ஆஸ்பத்திரில உக்காந்திருக்காகன்னு நான் வீடு போய்ச் சேருறதுக்குள்ள சர்ச்சு வரைக்கும் போயிரும். பொறவு தாளாளருக்குத் தெரியும். இங்கன்னா நிம்மதி. சுத்திப் பாதிப் பேரு தெலுங்குல பேசிக்கிட்டு இருக்காக, இந்த ஹெட்மிஸ்ட்ரஸ யாருக்குத் தெரியும்.

நீங்க மொதல்ல வந்த அன்னைக்கு நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதுல்லா? தாளாளர் சத்தியநேசன் ஐயா வந்து, நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஒரு கோச் வாராரு, டீச்சர்களுக்கும் ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் கூடவே இருந்து சொல்லிக் குடுப்பாருன்னாரு. எட்வின் வாத்தியார் கோச்ங்கிறதோட காத அடைச்சிட்டாரு. கிரவுண்டுல கபடிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு வச்சிட்டாரு. நாங்க கிளாசுக்கு முன்னால நாற்காலி போட்டு, புதுத் துண்டு விரிச்சு, பால்கோவா வாங்கி வச்சுக் காத்துக்கிட்டு இருக்கோம். நீங்க என்ன செஞ்சீக? நேரா கடைசி பெஞ்சுக்குப் போயி, பிள்ளைகளுக்கு நடுவுல முட்டு நெஞ்சுல இடிக்க உக்காந்துக்கிட்டீக. பால்கோவாவத் தொடவே இல்ல.

அன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தருக்கும் சோறு எறங்கல. மனுசன் கோவிச்சிட்டாரு, நாற்காலி மட்டமா இருந்திருச்சுன்னு ஆளுக்கு ஆள் என்னைய வைதாக. அதான் அடுத்த தடவ பாஸ்டர் வீட்டு சோபாவத் தூக்கியாந்து அந்தக் கடைசி பெஞ்சு பக்கத்துலயே போட்டோம். கடைசிலதான் உக்காருவாருன்னா மெத்தையிலயாவது உக்காரட்டுமேன்னு. நீங்க அதுல உங்க பைய வச்சீக. சோபாவத் திரும்பக் கொண்டு போறப்ப ஒரு கால் ஒடிஞ்சு, பாஸ்டரம்மா இன்னைக்கும் என்னையப் பாத்தா அதத்தான் மொதல்ல விசாரிக்காக.

பொறவு உங்க கேள்வி. ஒரு கொறை சொல்ல மாட்டீக, இப்படிச் செய்யுங்கன்னு ஒரு யோசனை சொல்ல மாட்டீக. நீங்க என்ன பாத்தீக டீச்சர்? பிள்ளைக என்ன செஞ்சாக? எப்பப் பாத்தாலும் இதே. இவருக்கே விடை தெரியாமத்தான் நம்மகிட்டக் கேக்காரோன்னு ரொம்ப நாள் எனக்குச் சந்தேகம். அந்தா, இப்பவும் தலைய மட்டும் ஆட்டுதீக.

நான் கிளாஸ் பாக்குற விதமே வேற சார். கையப் பின்னால கட்டிக்கிட்டு வராந்தாவுல ஒரு நடை. எந்தக் கிளாஸ்ல இருந்து டீச்சர் சத்தம் வராந்தாவுக்கு வருதோ அங்க பாடம் நடக்கு. வரலையா, நடக்கல. எனக்கு முன்னால இருந்த பெரிய டீச்சரும் அப்படித்தான் பாத்தாக, அவுகளுக்கு முன்னால இருந்தவுகளும் அப்படித்தான். எட்வின் வாத்தியார் வாய்ப்பாடு சொன்னா மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புல மான் தலையத் தூக்கிப் பாக்கும். அவரப் பத்தி நான் தாளாளர்ட்ட ஒரு கொறையும் சொன்னதே கெடையாது.

ஸ்வீட்லின்தான் எனக்குப் பெரிய பாடா இருந்தா. ஆமா, அவளப் பத்திப் பேசத்தான இம்புட்டுச் சுத்து. தற்காலிகமா டீச்சரா எடுத்த பிள்ள, அடுத்த வருசம் வச்சுக்கிடலாமா வேண்டாமான்னு தாளாளர் என் வாயத்தான் பாப்பாரு. இந்த ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் கேப்பாரு. நான் வேண்டாம்னு சொன்னா வேண்டாம்தான், அதுக்கு மேல அப்பீலு இல்ல. வருசம் பூரா நான் சொன்னதும் ஒண்ணேதான். சத்தம் பத்தாது, கடைசி பெஞ்சுக்குக் கேக்கல.

பாவம், அவளும் மிளகுப் பால் குடிச்சா, உப்புத் தண்ணி கொப்பளிச்சா. பிள்ளைகளப் பாத்துப் பேசாம வராந்தாவப் பாத்துக் கத்துவா. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, இந்த வெயில்ல கழுத்துல மஃப்ளரச் சுத்திக்கிட்டு வந்து நின்னா. அப்பவும் நான் விடல. ஏம்மா ஸ்வீட்லின், இன்னும் கொஞ்சம் சத்தமான்னேன். அன்னைக்கு அவ மூஞ்சி போன போக்கு இன்னும் என் கண்ணுல நிக்கு. எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா கேக்கலன்னா கேக்கலன்னுதான சார் சொல்ல முடியும்?

இன்னைக்குக் காலைல பாத்து நீங்க புதுசா ஒண்ண ஆரம்பிச்சீக. கடைசி பெஞ்சுல இன்னைக்கு நீங்க உக்காருங்க டீச்சர், ஸ்வீட்லினப் பாக்க வேண்டாம், ஏதாவது ஒரு பிள்ளைய மட்டும் பாருங்கன்னு. என் ஒடம்புக்கு அந்த பெஞ்சு ஆகுமா? சேலை ஆணில மாட்டி, எந்திரிக்கவும் முடியாம, இருக்கவும் முடியாம. சரி, வந்தது வந்தாச்சுன்னு பக்கத்துல இருந்த கார்த்திகாவப் பாத்தேன். ரெட்டைச் சடைய வாய்ல வச்சுக் கடிச்சுக்கிட்டே இருக்கும், அந்தப் பிள்ளதான். தொண்டை போனதால ஸ்வீட்லின் இன்னைக்குக் கத்தல. சும்மா வீட்டுல பேசுற மாதிரி வாய அசைக்கா. கார்த்திகா சடைய வாய்ல இருந்து எடுத்துட்டு எழுதுதா. ஸ்வீட்லின் கேள்வி கேக்கா போல, இவ கையத் தூக்குதா, எந்திரிச்சுப் பதில் சொல்லுதா. அந்தப் பக்கம் இசக்கிமுத்து, எப்பவும் செவத்துல சாஞ்சு தூங்குறவன், நிமிந்து உக்காந்திருக்கான்.

செத்த நேரங்கழிச்சு ஸ்வீட்லின் போர்டுல என்னமோ எழுதிட்டுத் திரும்பி ஒண்ணு சொன்னா. கிளாஸே சிரிச்சது. கடைசி பெஞ்சுதான் சார் மொதல்ல சிரிச்சது. இசக்கிமுத்து வயித்தப் பிடிச்சுக்கிட்டு பெஞ்சுல சாயுதான். நானும் சிரிச்சேன். நிமிந்து பாத்தா, நீங்க ஜன்னலோரமா நின்னு பிள்ளைகளப் பாக்கல, என்னையப் பாத்துக்கிட்டு இருந்தீக.

வெளிய வந்ததும் வழக்கம்போல என்ன பாத்தீக டீச்சர்னு கேட்டீக. பிள்ளைக நல்லாக் கவனிக்கு சார்னு சொன்னேன். அதோட விட்டீகளா? எதுக்குச் சிரிச்சாகன்னு கேட்டீக. நான் காப்பி ஆறிரும்னு எந்திரிச்சுப் போயிட்டேன். அதுக்கு முன்னால உங்க எந்தக் கேள்விக்காவது நான் எந்திரிச்சுப் போயிருக்கேனா?

திரும்பக் கேப்பீகன்னு மதியம் பூரா பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க கேக்கல. பஸ்லயும் கேக்கல. கேட்டிருந்தாலும் அந்த இரைச்சல்ல... அதான் பஸ்ல நான் வாயே மூடல. நான் பேசிக்கிட்டே இருந்தா எதுத்தாப்புல உள்ளவுக பேச மாட்டாகள்லா. கொஞ்ச காலமாவே அப்படித்தான் ஓட்டுதேன் சார். வீட்டுலயும் அப்படித்தான், ஸ்டாஃப் மீட்டிங்லயும் அப்படித்தான். டீச்சருக்கு வாய் நீண்டுருச்சுன்னு பேசிக்கிடுதாகளாம்.

காலைல கேட்டதுக்கு இப்பப் பதில் சொல்லிருதேன். எதுக்குச் சிரிச்சாகன்னு எனக்குத் தெரியாது. பிள்ளைக சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன். அந்தக் கிளாஸ்ல ஸ்வீட்லின் பேசுனது கேக்காத ஆளு ஒரே ஆளுதான், அதுவும் கடைசி பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. உங்களுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும். நேரடியாச் சொல்லியிருந்தீகன்னா உங்களக் கேட் வரைக்கும் வெரட்டியிருப்பேன், அதுவும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பொல்லாத ஆளு சார் நீங்க.

ஞாயித்துக்கெழம தாளாளர்ட்ட அந்தப் பிள்ளைய வச்சுக்கிடுங்கன்னு சொல்லிருவேன். ஏன்னு காரணத்தையும் நானே சொல்லிருவேன். பொறவு என்னைய வச்சுக்கிடுவாரான்னு அவரு பாடு. திங்கக்கெழம ஸ்வீட்லின்கிட்டப் பேசணும், அதுதான் எனக்குப் பெரிய மலையா இருக்கு. வலப் பக்கம் இன்னும் கொஞ்சம் கேக்கு, அதுக்குள்ள ஏதாவது மெஷின் வச்சுச் சரி பண்ணிட்டா நல்லது.

என்ன முழிக்கீக? கதவுல இருக்க போர்ட இப்பத்தான் படிக்கீகளா? ப்ரஷர் டாக்டர் மாடியில இருக்காரு சார். இவரு காது டாக்டரு.

எதுக்கு என் கையத் தட்டுதீக? கூப்பிட்டாச்சா? அந்தப் பிள்ள எந்திரிச்சே நிக்கு, எத்தன தடவ கூப்பிட்டாளோ. வாரேம்மா, வாரேன். செத்த இருங்க சார், உள்ள போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. காலைல ஸ்வீட்லின் அப்படி என்னதான் சொன்னா? நீங்க நின்ன இடத்துக்குக் கேட்டிருக்கும்லா. எனக்கும் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா.