பதினாலாம் பக்கத்துப் பிள்ளை

இல்ல மேடம், ரீனா இன்னும் வரல. அந்த ஃபேனுக்கு நேரா உக்காருங்க. பள்ளிக்கூடத்துல பிள்ளைய எல்லாத்தையும் பன்னெண்டரைக்கே விட்டாச்சு, ஆனா டீச்சரை விடணும்லா? வீடு வீடாப் போயி ஓட்டர் லிஸ்ட்டு சரி பாக்கணுமாம். கணக்கு டீச்சர்னா தலைய எண்ணத் தெரியும்னு நெனச்சிருப்பாவ.

நான் அவ அம்மா, ஜெயசீலி. நீங்க ரஞ்சனா மேடம்தான? ரீனா சொல்லிருக்கா. டீச்சர்மாரு கணக்கு எப்படி நடத்துதாவன்னு ஆராய்ச்சி பண்ணுதிய, அவியளுக்கு டிரெய்னிங்கும் குடுக்கியன்னு. அதுக்காக திலக் நகர்லருந்து தாராவிக்கு வந்து, இந்த இரும்பு ஏணியில தொத்தி ஏறி வந்திருக்கிய. லேசுப்பட்ட படிப்பா அது.

நல்ல டிரெய்னிங். நான் குத்தம் சொல்லல. நாலு ஞாயித்துக்கிழம ரீனா பூசைக்குப் போகல, அதுக்கு ஆண்டவரே ஒண்ணும் சொல்லல, நான் யாரு சொல்ல. அங்க ஒரு சார் பேசுனாராம், ஒவ்வொரு பிள்ளையும் அதது வேகத்துலதான் படிக்கும், அவசரப்படுத்தக் கூடாதுன்னு. மூணு மணி நேரம் தண்ணி குடிக்காமப் பேசுனாராம். அஞ்சு நிமிஷம் பிந்தி வந்த டீச்சருக்கு ரிஜிஸ்டர்ல கையெழுத்து கெடையாதுன்னுட்டாவ. பொறவு பேப்பர் தட்ட நாலா மடிச்சு, இதுதான் கால் பாகம்னு படிச்சாவளாம். ரிட்டையர் ஆகப் போற டீச்சரும் மடிச்சு, நெஞ்சுக்கு நேரா பிடிச்சு போட்டோவுக்கு நின்னாவளாம். டிரெய்னிங் எப்படி இருந்துச்சுன்னு கேக்குற ஃபாரத்த, காலைல மொத டீக்கு முந்தியே எழுதி வாங்கிட்டாவ. மிகவும் பயனுள்ளதுன்னு. தீர்க்கதரிசனம்னா அதுதான்.

சிரிக்கிய. நல்லது. கோவப்படுவியளோன்னு நெனச்சேன்.

அந்த நோட்டுதான் கையில இருக்கா? தெரியும் மேடம். தெனம் ஒரு பிள்ள எப்படி யோசிச்சு கணக்கு போட்டுதுன்னு எழுதணும், எந்த மொழியிலயும் எழுதலாம்னு குடுத்தீங்கள்லா. கிளாஸ்ல நாப்பத்தெட்டுப் பிள்ளைய. டீச்சர் எப்ப யோசிக்கன்னு எழுத யாரும் நோட்டு குடுக்கல, அது கெடக்கட்டும்.

அப்படியா. மத்த டீச்சர்மாரு எல்லாம் பாடம் சிறப்பாக நடந்ததுன்னுதான் எழுதிருக்காவளா. பாவம், அவியளும்தான் ஓட்டர் லிஸ்ட்டு பாக்காவ. ரீனா நோட்டுல மட்டும் டீச்சரே தன் தப்ப எழுதிருக்கான்னு மெச்சுதியளாக்கும்.

என்னது, ரீனாவ டிரெய்னரா எடுக்கப் போறியளா? அப்ப இந்த ஓட்டர் லிஸ்ட்டு, சர்வே எல்லாம் கெடையாதா? ரெண்டு வருஷமா செபமாலைல நான் கேக்குதது அதத்தான் மேடம். ஆண்டவர் கேட்டதக் குடுத்துட்டு, கூடவே உங்களையும் இந்த நோட்டோட அனுப்பிருக்காரு பாருங்க.

பதினாலாம் பக்கத்துப் பிள்ளைய வீடியோ எடுக்கணுமா. எந்தப் பிள்ளன்னா கேக்கிய? நோட்டுல வார பைசான் இல்ல. அவன் அம்பத்திரெண்டுல இருவத்தேழு போனா எவ்வளவுன்னு கேட்டா, கழிக்கவே மாட்டான். இருவத்தேழுலருந்து முப்பதுக்கு மூணு, அம்பதுக்கு இருவது, மேல ரெண்டுன்னு ஏறிப் போவான். அது ஒம்பதாம் பக்கம்.

எனக்கு எப்படித் தெரியும்னா? சாயங்காலம் எட்டுப் பிள்ளைய இங்க டியூசனுக்கு வரும். ரீனா வாரது வரைக்கும் நான்தான் பாத்துக்கிடுதேன். நான் ஏழாங் கிளாஸ். எனக்குக் கணக்கு தெரியாது, அதனால ஒவ்வொண்ணுகிட்டயும் இது எப்படி வந்துதுன்னு கேப்பேன். தெரிஞ்சிருந்தா கேட்டிருக்கவே மாட்டேன், தப்புன்னு கோடு போட்டுட்டுப் போயிருப்பேன்.

வாசிக்க வேண்டாம் மேடம், அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். பிள்ள கைய மேசைக்கு அடியில வச்சு விரல் எண்ணுச்சு. விரல் விட்டு எண்ணுதது மக்குப் பிள்ளன்னு சொல்லி கைய மேல வைக்கச் சொன்னேன், ஸ்கேலால அடிச்சேன். கை மேலயே இருந்துச்சு, ஆனா விடை சரியா வந்துச்சு. குனிஞ்சு பாத்தா, கால் விரல் ஒவ்வொண்ணா அசையுது. அதுக்கும் அடிச்சேன். எப்படி எண்ணுதன்னு கேக்கல. அவ்வளவுதான எழுதிருக்கு.

அப்படி எழுத டிரெய்னிங்ல படிச்சது இல்ல மேடம். நாங்க பாவசங்கீர்த்தனத்துக்கு, அதான் கோயில்ல சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லதுக்கு, போறதுக்கு முந்தி, செஞ்ச தப்ப ஒரு சீட்டுல எழுதிக்கிட்டுப் போவோம். அடுத்த ஆளு தப்ப எழுதக் கூடாது, நம்ம தப்பு மட்டுந்தான். ரீனா இந்த நோட்டத் தூக்கிப் போட்டு, என்னத்தையாவது எழுதி வைம்மா, நான் கையெழுத்து போட்டுக்கிடுதேன்னா. எனக்குத் தெரிஞ்ச எழுத்து அது ஒண்ணுதான்.

என்ன மேடம், நோட்ட மூடிட்டிய. டிரெய்னர் வேல போயிரும்லா? போகும். காலைல செபம் பண்ணிட்டு, மத்தியானம் உங்ககிட்ட பொய் சொல்ல வாய் வரமாட்டேங்கு.

பிள்ளையா? அதுக்கு முப்பத்தொண்ணு வயசாச்சு மேடம். இன்னைக்கும் மார்க்கு கூட்டும்போது அவ கால் விரல் அசையும், நான் பாக்காத மாதிரி இருந்துக்கிடுவேன். அடிச்சதுக்கு சாமியார்கிட்ட மன்னிப்பு கேட்டாச்சு, அவகிட்ட இன்னும் கேக்கல. இங்கிலீஷ்ல படிச்சவ, தமிழ்ல கடை போர்டு வாசிக்கதுக்கே எழுத்து கூட்டுவா. அவ படிக்க மாட்டான்னு தெரிஞ்சுதான் தமிழ்ல எழுதினேன்.

இந்தா, ஏணில ஏறி வாரா. டிரெய்னர் விஷயத்த பொறவு பேசுங்க. அந்தப் பக்கத்த மட்டும் அவளுக்கு வாசிச்சுக் காட்டுங்க, நீங்க நல்லா வாசிப்பிய. நான் டீ போடுத சாக்குல அடுப்புப் பக்கம் திரும்பிக்கிடுதேன்.