ரெண்டு பக்கமும் சுத்துத மோட்டார்

— ரேடியோவுக்குக் கரண்டு குடுக்குத எலிமினேட்டரை அதுல மாட்டாதிய வெள்ளத்துரை அண்ணாச்சி, எத்தனை தடவை சொல்லுதது? மோட்டாரு நாலரை வோல்ட்டு, இது ஆறு வோல்ட்டு. மாட்டுனா ஓடும். அரை மணி நேரத்துல சூடேறி மணக்கும்.

— அப்போ எங்க வீட்டுல ஒரு பழைய ஃபேன் ரெகுலேட்டர் கெடக்கு. அதைக் கொண்டாரட்டா பாதுஷா?

— அதை மாட்டுனா மணக்கக்கூட நேரம் இருக்காது. அது வீட்டுக் கரண்டுக்கு உள்ளது. இது பிள்ளைய வச்சு விளையாடுத சாமான்.

— ரேடியோ ரிப்பேர்னு இவ்வளவு பெரிய போர்டு. ஒரு பொம்மை மோட்டாரை ஓட்டத் தெரியல உமக்கு. அஞ்சு மாசமா அலமாரியில சும்மா கெடக்கு வே.

— ஓட்டத்தான மூணு கட்டை டார்ச் லைட்டைக் காட்டுனேன்? பேட்டரிக் கட்டைக்கு ஒண்ணரை வோல்ட்டு, மூணுக்கு நாலரை. வயரை இழுத்துக் குடுத்தா உங்க பிள்ளைய கட்டுன ராட்டினம் பாட்டுக்குச் சுத்தும்.

— ஒரு பக்கந்தான சுத்தும்? எங்க வீட்டுக்காரி ஆறுமுகத்தாய் சொல்லிவிட்டது வேற. முன்னால தள்ளுனா ஒரு பக்கம், பின்னால இழுத்தா மறுபக்கம், நடுவுல வச்சா நிக்கணும். பேப்பர்ல எழுதியே கொண்டாந்திருக்கேன், பாரும்.

— அந்த மாதிரி சுவிட்ச் வச்ச பேட்டரி டப்பா இந்த ஊர்ல ஒண்ணுதான் இருக்கு. உங்க தம்பி செல்லப்பா வீட்டுல.

— தெரியும் வே. குவைத்துல இருக்க எங்க அத்தான் செஞ்ச வேலை. ஆடித்தவசுத் திருவிழாவுக்கு வந்தப்போ ஒரு பெட்டி கொண்டாந்து, பிளாஸ்டிக் செங்கலை எண்ணி ரெண்டு வீட்டுக்கும் பாதி பாதி. மோட்டார் அண்ணனுக்காம், அதை ஓட்டுத டப்பா தம்பிக்காம். பெரிய நியாயஸ்தர்.

— போயி கேட்டா குடுக்காமலா இருப்பாவ?

— அவன்கிட்ட நான் பேசிப் பத்து மாசமாச்சு. பொம்மை டப்பாவுக்காக அவன் வாசல்ல போயி நிக்கச் சொல்லுதீரா?

— எல்லாம் அந்தக் கெணத்து மோட்டாரால வந்தது.

— பின்ன என்ன வே? அஞ்சு எச்.பி. ஸ்டார்ட்டர் இருக்க எங்க பொதுக் கெணத்துல, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஏழரை எச்.பி. மோட்டாரை எறக்குதான். ஸ்டார்ட்டர் கருகிப்போச்சு. ஒனக்கு மூளை இருக்கான்னு கேட்டேன்.

— வேலையாளுக நாலு பேரு முன்னால கேட்டிய.

— அது தப்புத்தான். அதை இப்போ எதுக்குக் கிளறுதீரு? டப்பாவுக்கு வழி சொல்லும்.

— ஒண்ணு கேக்கேன், கோவப்படாதிய. அஞ்சு மாசமா ஓடாம கெடக்குன்னு சொல்லுதிய. இது ரெண்டு பக்கமும் சுத்தும்னு மதினிக்கு எப்படித் தெரியும்?

— பெட்டியில போட்டிருக்கும்.

— பெட்டியில இருக்கது நம்ம யாருக்கும் தெரியாத பாஷை. இருங்க, மூடியைக் கழத்துதேன். பாத்தியளா, உள்ள கறுப்பா மாவு மாதிரி? மோட்டார் சுத்தச் சுத்தக் கார்பன் தேஞ்சு உதிர்ந்த பொடி இது. சும்மா கெடந்த மோட்டார்ல இவ்வளவு வராது. நல்லா ஓடியிருக்கு.

— எதை வச்சு ஓடும்? மோட்டார் இங்கன, டப்பா அங்கன.

— உங்க தம்பி சம்சாரம் அன்னக்கிளி மதினி மாசம் ரெண்டு தடவை நம்ம கடையில மூணு கட்டை வாங்குதாவ. செல்லப்பா அண்ணாச்சி வீட்டுல டார்ச் லைட்டே கெடையாது. எதுக்குன்னு கேட்டா சிரிச்சிக்கிட்டே போயிருவாவ.

— ரெண்டு வீட்டுக்கும் புறவாசல் ஒண்ணுதான் வே.

— அதைத்தான் நானும் நெனச்சேன். நீங்க ரெண்டு பேரும் ஆபீஸுக்குப் போனப்புறம் மதினிமார் ராட்டினத்தை ஒண்ணாச் சேத்து ஓட்டியிருக்காவ.

— சாயங்காலம் வந்தா எங்க பிள்ளைய கையில முந்திரிக்கொத்து இருக்கும். நானும் வாங்கித் தின்னுருக்கேன். அன்னக்கிளி கைப்பக்குவமால்லா இருக்குன்னு தோணும். கேட்டா நின்னுபோயிருமோன்னு கேக்கல.

— கோவமா அண்ணாச்சி?

— கோவம் என்ன கோவம். சந்தோசமாத்தான் இருக்கு. நாங்க ரெண்டு பேருந்தான் கிறுக்கனுக. ஆனா அங்கன நல்லா ஓடிக்கிட்டு இருந்ததுக்கு, இப்போ எதுக்குத் தனியா டப்பா வாங்கச் சொல்லுதா?

— செல்லப்பா அண்ணாச்சிக்கு நாகர்கோயிலுக்கு டிரான்ஸ்பர் ஆயிட்டு. வெள்ளிக்கிழமை காலையில சாமான் ஏத்துதாவ, டப்பாவும் கூடப் போயிரும். எங்க மச்சான் முகம்மது மைதீன் லாரிதான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.

— எனக்கு யாரு சொல்லுவா? இன்னைக்கு என்ன கெழமை?

— புதன்.

— சொல்லாமலே போயிருவானா அவன்? பேசலன்னாலும், ராத்திரி சைக்கிளை அவன் உள்ள ஏத்துத சத்தம் கேட்டாத்தான் நான் கதவையே சாத்துவேன் பாதுஷா.

— மனசைப் போட்டு ஒழப்பாதிய. மூணு கட்டை போடுத மாதிரி, ரெண்டு பக்கமும் சுத்துத சுவிட்ச் வச்சு நானே ஒரு டப்பா செஞ்சு தாரேன். நாளைக்குச் சாயங்காலம் வாங்கிக்கிடுங்க.

— டப்பா வேண்டாம். மூடியை மாட்டி மோட்டாரைக் குடும். அது அவன் பிள்ளைய கூடவே போட்டும்.

— அப்படின்னா ஆறுமுகத்தாய் மதினிகிட்ட குடுத்துருங்க. புறவாசல் வழியாப் போயிரும்.

— நான் முன்வாசல் வழியாப் போறேன் வே. கையில ஒண்ணும் இல்லாம அவன் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரல.