நெலிதாவின் பாவாடைகளை ஆற்றில் துவைத்த காரணம்

பெயர் செகுண்டோ சுங்கா. வயது 44. சொந்த ஊர் வடக்குக் கடற்கரையில் உள்ள செசூரா. தற்போதைய இருப்பிடம் மலையூரான உச்சுமார்க்கா, சந்தைத் தெரு, முடிதிருத்தும் கடையின் பின்கட்டு.

நான் மேற்படி விலாசத்தில் நாலு வருடமாக முடிதிருத்தும் தொழில் செய்து வருகிறேன். அதே சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் நெலிதா பலோமினோவும் நானும் சேர்ந்து வாழ்ந்து வருகிறோம். மாதா கோயிலில் வைத்துக் கல்யாணம் நடக்கவில்லை. அவளை நான் கொன்று மறைத்துவிட்டதாக அவளுடைய அண்ணன் எலியுதேரியோ பலோமினோ கொடுத்த புகாரின் பேரில் என்னைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். முன்பு விசாரித்தபோது அவள் இருக்கும் இடம் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது பொய். இப்போது நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். யாரும் அடித்தோ மிரட்டியோ இதைச் சொல்ல வைக்கவில்லை. சூப்புகூட வாங்கிக் கொடுத்தார்கள், அதில் உப்புதான் இல்லை.

நெலிதாவுக்கு வயது நாற்பத்தொன்று. இதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. முதல் முறை சந்தோஷத்தில் ஊருக்கே சொன்னாள். சந்தையில் போகிறவர் வருகிறவர் எல்லாம் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் முறை அண்ணன் வீட்டுக்கு மட்டும் சொன்னாள், அதுவும் போயிற்று. ஊர்க்கண்ணும் ஊர்வாயும் சேர்ந்துதான் பிள்ளைகளைத் தின்றுவிட்டன என்று அவள் நம்பினாள். நான் கடற்கரைக்காரன், எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் அழுத அழுகையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஆகவே இந்த முறை உண்டானபோது ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. இந்த மலையில் பெண்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நாலு பாவாடை கட்டி, மேலே போர்வையும் போர்த்துவதால் எட்டாம் மாதம் வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு, வயதை உத்தேசித்து முன்கூட்டியே வந்துவிட வேண்டும் என்று மாகாணத் தலைநகரில் அவளைப் பரிசோதித்த நர்ஸ் சொன்னதால், அங்கே பிரசவத்துக்கு வரும் பெண்கள் தங்கும் இல்லத்துக்கு அவளை அனுப்புவது என்று முடிவு செய்தோம். கிளம்பும் முன் அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்து, "இது பொறந்து வாய்விட்டு அழுவுற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத. எங்க அண்ணன்கிட்டயும்தான். போலீஸே வந்து கேட்டாலும் சொல்லாத" என்றாள். போலீஸ் எதற்கு வந்து கேட்கப் போகிறது என்று நான் சிரித்தேன். சத்தியம் செய்து கொடுத்தேன்.

அதன் பிறகு விடிவதற்கு முன் அவளை மலைச்சாலை வளைவு வரைக்கும் கூட்டிப்போய் காய்கறி லாரியில் ஏற்றிவிட்டு, முழங்கால் வரை சேறோடு தனியாகத் திரும்பி வந்தேன். அதை ரொட்டிக்கடைக்கார அம்மாள் பார்த்துவிட்டார். எங்கே நெலிதா என்று கேட்டதற்கு, லிமாவில் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். கறிக்கடைக்காரர் கேட்டபோது அது மறந்துபோய், காட்டுப்பக்கம் காப்பிக்கொட்டை பறிக்கப் போயிருக்கிறாள் என்றேன். எலியுதேரியோ கேட்டபோது பயத்தில் நாக்கு குழறி, காய்ச்சலாகப் படுத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் ஒரு பொய்யோடு நிறுத்தியிருக்க வேண்டும். அன்று மதியமே மூன்று பேரும் ரொட்டிக்கடையில் சந்தித்து என் மூன்று பதிலையும் வைத்து ஒத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அதன் பிறகு பின்கட்டு அறையின் மண் தரைக்கு சிமெண்ட் போட்டேன். பச்சைக் குழந்தை மண் தரை ஈரத்தில் கிடக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதால் போட்டேன். வேறு நாளில் போட்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு ஆற்றுக்குப் போனேன். கடையில் விற்கிற புதுத்துணி பிள்ளையின் தோலை அறுக்கும், தன்னுடைய பழைய பாவாடைகளைத் துவைத்து வைத்தால் கிழித்துப் பிள்ளையைச் சுற்றிக் கட்ட மெத்தென்று இருக்கும் என்று நெலிதா சொல்லியிருந்தாள். எது பழையது, எது திருவிழாவுக்கு உடுத்துவது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி எடுத்துப்போனேன். அது அவள் போன ஐந்தாம் நாள். இந்த மலையில் ஒருவர் இறந்தால் ஐந்தாம் நாள் அவருடைய துணிகளை எல்லாம் ஆற்றில் துவைப்பார்கள் என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. சாவு வீடுகளுக்குப் போயிருக்கிறேன், அடக்கம் முடிந்ததும் கடை திறக்க வந்துவிடுவேன், துணி துவைக்க உறவுக்காரர்கள்தான் போவார்கள். என்னைக் கண்டதும் கரையில் துணி அடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள். சந்தையில் நெலிதாவுக்குப் பக்கத்தில் கடை போடும் பாஸ்குவாலா அக்கா மட்டும் வந்து என் அருகில் உட்கார்ந்து, மெல்லுவதற்குக் கையில் கொஞ்சம் கோக்கா இலை கொடுத்து, "மனசுல வச்சு அழுத்தாத தம்பி, அழுதுடு" என்றார். நான் அப்போது பிள்ளைக்கு யார் ஜாடை வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் சிரித்தேன். அவர் எழுந்து ஓடியதை இப்போது நினைத்தால் புரிகிறது. அந்தத் துணி மூட்டையைச் சாட்சிப் பொருள் என்று அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள், அது இன்றே வேண்டும்.

அதன் பிறகு ஊர் பேசியதை எல்லாம் நான் சொல்லித் தீராது. கிணற்றில் போட்டேன் என்றார்கள், பன்றிக்குப் போட்டேன் என்றார்கள். கடலோரத்தில் எனக்கு வேறு பெண்டாட்டி இருக்கிறாள் என்று உள்ளூர் வானொலியில் ஒருவர் பேசினார், அவளுக்குப் பெயரும் வைத்துவிட்டார். நெலிதாவின் உருளைக்கிழங்குக் கடை மேல் மெழுகுவர்த்தியும் பூவும் வைத்தார்கள். என் கடைக்கு வந்தவர்கள் தாடியைத் தடவிக்கொண்டு, சவரம் வேண்டாம், முடி மட்டும் போதும் என்றார்கள். பிறகு முடிக்கும் வரவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் வாயைத் திறந்தால் சத்தியம் போய்விடும் என்று மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு எலியுதேரியோ ஆட்களோடு வந்து கடப்பாரையால் சிமெண்ட் தரையை உடைத்தார். கீழே மண்தான் இருந்தது. "டேய் கரைக்காரா, ஆத்துல எறியணும்டா உன்ன" என்று ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். எலியுதேரியோ அவனை விலக்கிவிட்டு, உடைந்த தரையில் என் முன்னால் மண்டியிட்டார். "எனக்கு உன்மேல கோவம் இல்லடா. எலும்பையாவது குடு. எங்க அம்மா பக்கத்துல படுக்க வைக்கிறேன்" என்றார். ஐயா, கொன்றவனுக்குக்கூட அந்த நேரம் அப்படி இருந்திருக்காது. நான் வாயைத் திறந்தேன். சொன்ன பிறகு அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், நெலிதா ஒரு வார்த்தைகூட என்னைத் திட்ட மாட்டாள், சும்மா பார்ப்பாள், ஆயுசுக்கும் பார்ப்பாள் என்று நினைத்து மூடிவிட்டேன். அதற்குள் நீங்கள் ஜீப்போடு வந்து என்னைக் கொண்டுவந்தீர்கள். அந்த நேரம் வந்ததற்கு நன்றி.

உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொன்னால் மாலைக்குள் வானொலியில் வந்திருக்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம், என் முதல் வாக்குமூலம் அப்படித்தான் வந்தது.

அதன் பிறகு எலியுதேரியோ தினமும் காலையில் இங்கே வந்து, எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். இன்று காலையும் அப்படித்தான் இருந்தார். அப்போது நீங்கள் பறிமுதல் செய்து வைத்திருந்த என் கைப்பேசி மேசை இழுப்பறைக்குள் அடித்தது. நீங்கள் எடுத்து, காவல் நிலையம் என்று சொல்லி, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தீர்கள். பேசியது அந்த இல்லத்து நர்ஸ். பெண் குழந்தை, நாள் முந்திப் பிறந்துவிட்டது, சின்னதாக இருக்கிறது, தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறோம், தானாக மூச்சு விடுகிறது, பால் குடிக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் பார்க்க வேண்டும் என்றார். பிறகு அந்தக் குழந்தை அழுதது. இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அத்தனை சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. நிலையம் முழுக்கக் கேட்டது.

எலியுதேரியோ எழுந்து வந்து, "யாரு அழுவுறது?" என்று கேட்டார்.

"உன் மருமகதாண்ணே" என்று நெலிதாவின் குரல் வந்தது.

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் நெலிதா, "அண்ணே, போலீஸ் ஸ்டேஷன்ல நீ என்ன பண்ற? அவரு எங்க?" என்று கேட்டாள். நான் உங்களிடம் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, "ஒண்ணுமில்ல, ஒரு சைக்கிள் காணாமப் போச்சு. உங்கண்ணன் எனக்குத் துணைக்கு வந்திருக்காரு" என்று சொன்னேன். அவள் நம்பினாள். பச்சை உடம்புக்காரியிடம் இப்போது வேறு எதையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எலியுதேரியோ புகாரைத் திரும்பப் பெறுவதாக உங்களிடமே சொல்லிவிட்டார். மதிய வண்டியில் இரண்டு பேரும் புறப்படுகிறோம்.

மேலே எழுதியதை அதிகாரி எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார். நான் சொல்லாதது எதுவும் இதில் சேரவில்லை, சொன்னது எதுவும் விட்டுப்போகவில்லை. ஊராரிடம் சொன்ன பொய்களுக்கு வெட்கப்படுகிறேன், சைக்கிள் பொய்க்கு வெட்கப்படவில்லை. மற்றபடி இதில் உள்ளவை எல்லாம் உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) செகுண்டோ சுங்கா

சாட்சி: (ஒப்பம்) எலியுதேரியோ பலோமினோ, குழந்தையின் தாய்மாமன்