தம்பதியாக வரச் சொன்ன விடுதிக்கு நான் போனது

பெயர், முகவரி புகார் மனுவில் உள்ளபடி சரியே. வயது 58. தொழில் லிஃப்ட் பழுதுபார்ப்பது. மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் ஆய்வாளர் முன் நான் சொல்வதாவது:

சென்ற மாதம் சூப்பர் மார்க்கெட் வாசலில் வைத்திருந்த பரிசுப் பெட்டியில் சீட்டு எழுதிப் போட்டேன். பத்து நாள் கழித்து ஒரு பெண் போனில் பேசினார். கடற்கரை விடுதியில் இரண்டு நாள் பாதி வாடகைக்குத் தங்கலாம், பதிலுக்கு அவர்களுடைய விடுமுறை இல்லத் திட்டத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டும், தம்பதியாகத்தான் வர வேண்டும் என்றார். "மேடமும் வருவாங்கல்ல சார்?" என்று கேட்டார். நான்கு வருடமாக என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வருவார் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், திருத்தவும் மனம் வரவில்லை.

அதன் பிறகு எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் தனியாகக் குடியிருக்கும் நர்சம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, கூட வர முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். மறுநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "தனி ரூம்னா வரேன். வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து ரெண்டு நாள் தொடர்ந்து லீவே போட்டதில்ல" என்றார். நான் பயங்கரமாகக் குறட்டை விடுவேன் என்று விடுதியில் சொல்லி, இன்னொரு அறையை முழு வாடகைக்கு எடுத்தேன். தள்ளுபடி அதோடு போயிற்று. எது கேட்டாலும் யோசித்துச் சொல்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே பேசி வைத்திருந்தோம். விடுதிப் படிவத்தில் மனைவி என்ற இடத்தில் நர்சம்மாவின் பெயரை எழுதியது நான். அது என் கையெழுத்துதான்.

அதன் பிறகு காலை பதினொரு மணிக்குக் கூடத்துக்குப் போனோம். பத்துப் பதினைந்து மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி. எங்களுக்கு வந்த விற்பனைக்காரர் ஓயாமல் பேசுகிறவர். அவர் முன்னால் நர்சம்மாவை "நீ" என்று கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. "மேடத்தை வாங்க போங்கன்னு சொல்றீங்களே சார், இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்கா!" என்று விற்பனைக்காரர் மெச்சினார்.

அதன் பிறகு அவர் நர்சம்மாவிடம், சாருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். நர்சம்மா யோசிக்கவே இல்லை. "டீக்கு அரை ஸ்பூன் சர்க்கரை. லிஃப்ட்ல ஏறினா யார்கிட்டயும் பேச மாட்டார், சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டு வருவார்" என்றார். நான் அவர் வீட்டு வாசலில் நின்று டீ குடித்தது மொத்தம் இரண்டே முறை. என்னை ஒருவர் கவனித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதன் பிறகு விற்பனைக்காரர், வருடத்துக்கு ஒரு வாரம் இங்கே வந்து தங்கலாம், இருபத்தைந்து வருடம், "நீங்க ரெண்டு பேரும்" என்றார். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அங்கே யாராவது கையெழுத்துப் போட்டால் மணி அடித்து எல்லோரும் கை தட்டுவது வழக்கம். மணி அடித்தார்கள், தட்டினார்கள். தாளை நர்சம்மா பக்கம் திருப்பினார்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "நான் இவரோட மனைவி இல்லைங்க. ஒரே கட்டடம், அவ்வளவுதான்" என்று தணிந்த குரலில் சொன்னார். கை தட்டல் ஒவ்வொரு மேஜையாக நின்றது. அதன் பிறகு மேலாளர் வந்து, ஆள்மாறாட்டம் என்று சொல்லிப் போலீசுக்குப் போன் செய்தார்.

நர்சம்மா மீது வழக்குப் பதிந்தால் ஆஸ்பத்திரி வேலை போய்விடும். அவர் எதிலும் கையெழுத்திடவில்லை, உண்மையைச் சொன்னதும் அவர்தான். குற்றம் முழுவதும் என்னுடையது. எங்களுக்குள் ஏதாவது உறவு இருந்தால் அவரையும் சேர்த்துத்தான் விசாரிக்க வேண்டும் என்று ஆய்வாளர் சொல்லி, நர்சம்மா எனக்கு என்ன உறவு என்று கேட்டார். நர்சம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கதவு திறந்திருந்தது. ஒன்றும் இல்லை என்று பதில் சொன்னேன். கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் ஆய்வாளர். சத்தமாகச் சொன்னேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. கடைசிப் பதிலை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுத வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)