அத்தான் வாங்கின அடி

ஹலோ... ஆமாக்கா, அஜின்தான் பேசுகேன். சொல்லு... திருவனந்தபுரத்துல, தம்பானூர்லதான் நிக்கேன், அத்தான் வேலை பாக்க லாட்ஜுக்குப் பொறத்த... ஆமா. ஆமா, அடிச்சேன். யாரு சொன்னா ஒனக்கு?... ஓ, ரிசப்ஷன்ல உள்ள பிள்ளை விளிச்சாளா. நல்லது.

நீ ஏன் அழுக? ஒனக்காகத்தானே... இல்ல, நீ கேளு. கல்யாணம் கெட்டி ரெண்டு வருஷம் ஆவுது. ஒரு வருஷமா அவன் ஒனக்கப் பக்கத்துல படுக்கதில்ல. தரையில பாய விரிச்சுப் படுக்கான். போன மாசம் ஒன்னைய அம்மைக்க வீட்டுல கொண்டு விட்டுட்டு, "இனி நீ வேற கெட்டிக்கோ"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டான். இதுக்கு என்ன அர்த்தம்? வேற பெண்ணு இருக்குன்னுதானே?

கேட்டேனே. மரியாதையாத்தான் கேட்டேன். "அத்தான், அவ யாரு?" யாரும் இல்லைன்னான். பின்னயும் கேட்டேன். அதே பதில்தான். செவுட்டுல ஒண்ணு வச்சேன். விழுந்தான். பொறவு காலால சவுட்டினேன்... எத்தனைன்னு யாரு எண்ணினா? கேஸ் சிலிண்டர் இறக்கி வச்சிருந்தாங்க, தலையப் பிடிச்சு அதுல கொண்டு இடிச்சேன்... மூக்குல ரத்தம் வருது. வரட்டும். திருப்பி ஒரு அடி அடிக்கல்ல பாத்துக்கோ, அதுதான் எனக்கு இன்னும் எரியுது. தப்பு செஞ்சவன்தானே அப்பிடி வாங்கிட்டுக் கெடப்பான்.

இப்பவா? இன்னா, படியில சாஞ்சு கெடக்கான். எங்கயும் போவ மாட்டான். எந்திரிச்சா இன்னும் ஒண்ணு குடுப்பேன்...

என்னது? கத்தாதே, பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கல்ல. மெதுவாச் சொல்லு... பெண்ணு இல்லைன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?... நேத்து வாய்ஸ் மெசேஜ் போட்டானா. அப்ப ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?... தம்பிக்கிட்ட சொல்லக்கூடிய காரியம் இல்லைன்னா என்ன காரியம்? சொல்லுக்கா. வெக்கப்படாண்டாம்.

ம்... ம்... முடி கொட்டாம இருக்கதுக்கு உள்ள குளிகை. அதுக்கென்ன?... அதத் தின்னதுல ஆம்பிளைக்கு உள்ள உணர்ச்சியே போச்சா... ம். புரியுது. முழுசும் சொல்லாண்டாம், புரியுது... நிறுத்தினா சரியாவும்லா?... நிறுத்தியே பத்து மாசமா? பொறவும் சரியாவல்லியா... டாக்டர்மாரு என்ன சொல்லுகாங்க?... ஒருத்தரு எல்லாம் மனசுன்னாரு. மத்தவரு மருந்தா இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாதுன்னாரு... ராத்திரி ஒறக்கம் கெடையாது... குளியல்முறியில போயி அழுவாரா? அத்தானா?

ம்... கேக்கேன், சொல்லு... ஒன்னைய இதுல கெட்டிப் போட மனசு வராமத்தான் கொண்டு விட்டாரா.

எப்ப தின்ன ஆரம்பிச்சாராம்?... கல்யாணத்துக்கு மூணு மாசம் முந்தி...



அக்கா. ஒரு காரியம் சொல்லணும். அந்தக் குளிகைய மொதல்ல கொண்டு குடுத்தது நானாக்கும்... ஆமா. நான்தான். பெண்ணு பாக்க வந்தன்னைக்கு, "கல்யாண போட்டோல மாப்பிளைக்க மண்டைதான் மின்னும்"னு எல்லாரும் இருக்கச்ச நான் சொன்னேன்லா. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. அவரும் சிரிச்சாரு. மறுவாரம் எனக்கிட்ட தனியா வந்து, "அஜினே, வல்ல மருந்தும் உண்டுமா"ன்னு கேட்டாரு. மருந்துக்கடையில நிக்க கூட்டுக்காரன்கிட்ட, டாக்டர் சீட்டு ஒண்ணும் இல்லாம வாங்கிக் குடுத்தேன். பொறவு அவரே வாங்கித் தின்னாரு... எனக்கு என்ன தெரியும்? எனக்கக் கூட டைல்ஸ் வேலை செய்யவன் நாலு வருஷமாத் தின்னுகான், அவனுக்கு ஒண்ணும் ஆவல்ல...

அவரு எனக்க பேரச் சொல்லவே இல்லியா? ஒரு தடவ கூடவா?... இங்கயும் சொல்லல்ல. இவ்வளவு அடிச்சும் சொல்லல்ல அக்கா.

திட்டு. நல்லாத் திட்டு... ஆமா... ஆமா, எனக்க கைதான் வெளங்காமப் போவணும்... குடுக்கேன். நில்லு, குடுக்கேன்.

அத்தான். அத்தான், அக்கா லைன்ல இருக்கா. இன்னா, பிடிங்க... என்ன, கை பொங்கல்லியா, தூக்க முடியல்லியா? மத்தக் கைய... அதுவும் முடியல்லியா. எனக்க தெய்வமே. அக்கா, வலது கை ஒரு மாதிரி மடங்கிக் கெடக்கு, ஒடிஞ்சிருக்கும்னு தோணுது... ஆட்டோ விளிக்கேன், இப்ப விளிக்கேன். நீ மொதல்ல ரெண்டு வார்த்த பேசு. போனை நான் அவருக்க காதுல பிடிச்சுக்கிடுகேன். பேசுங்க அத்தான். நான் கேக்கல்ல.

...

அக்கா, நான்தான். நீ கேட்டதுக்குச் சரின்னு தலைய ஆட்டினாரு... நீ என்ன கேட்டேன்னு எனக்குத் தெரியாண்டாம்... நீ வா. வந்து அவருக்கக் கூட இரி. நான் ஒனக்க கண்ணு முன்ன நிக்க மாட்டேன்.

ஏ சேட்டா, ஆட்டோ! ஒண்ணு நில்லு... ஆஸ்பத்திரிக்கு... ஆமா, அடிபட்ட ஆளுதான், மெதுவாப் பிடி.

என்ன அத்தான்?... அக்கா, கேட்டியா. ஆஸ்பத்திரியில கேட்டா படியில விழுந்தேன்னு சொல்லப் போறாராம்... வேண்டாம் அத்தான். எனக்க பேரச் சொல்லுங்க. போலீசு வந்தாலும் வரட்டும், நான் இருக்கேன். அக்கா, நீ சொல்லு அவர்கிட்ட, நீ சொன்னாக் கே... ஹலோ... அக்கா... ஹலோ?