உருளாத சக்கரம்

ஒலிபெருக்கி இரண்டு முறை அலறியும் முகம் சுளிக்காமல் இந்த அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் தாளாளர் ஐயா அவர்களே, நெருப்பையும் சக்கரத்தையும் மதிப்பெண்ணோடு சேர்த்தே எங்களுக்குக் கற்பித்த ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசை மெத்தை நாற்காலிகளில் வீற்றிருக்கும் பெரியோர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கும் தாய்மார்களே, "எப்ப முடிப்பா?" என்று இப்போதே கிசுகிசுக்கும் என் வகுப்புத் தோழிகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'ஆதிமனிதனின் அரும்பெரும் கண்டுபிடிப்புகள்'.

காட்டில் கல்லைக் கண்டான். கல்லில் கனலைக் கண்டான். கனலில் கறியைச் சுடக் கற்றான். கற்றவன் ஆண்தான் என்று எல்லாப் புத்தகங்களிலும் படம் போட்டிருக்கிறார்கள். யார் போய்ப் பார்த்தார்கள்? இந்தச் சந்தேகத்தை நேற்று அடுப்படியில் அம்மாவிடம் கேட்டேன்.

"நெருப்பைக் கண்டுபிடிச்சது பொம்பளையாத்தான் இருக்கும். அது அணையாம பாத்துக்கோன்னு அவளை உட்கார வெச்சிட்டு ஊர் சுத்தப் போனது யாருன்னு உங்கப்பாவைக் கேளு" என்றார் அம்மா.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பா சொன்னார்: "குகையிலயும் காலையில இதே சத்தம்தான் கேட்டிருக்கும்."

சிரிக்கிறீர்கள். உங்கள் குகையிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

நெருப்பு இருக்கட்டும், சக்கரத்துக்கு வருகிறேன். சக்கரம் முதலில் மண்பாண்டம் வனையச் சுழன்றது, பிறகுதான் வண்டியில் ஏறியது என்று சொல்வோர் உண்டு. எப்படி வந்தால் என்ன? சக்கரம் வந்த நாளில் மனிதனின் முதுகு நிமிர்ந்தது. தோள் தப்பியது. தூரம் தோற்றது. இத்தகைய சக்கரத்துக்கு நம் பள்ளி என்ன மரியாதை செய்திருக்கிறது தெரியுமா? நேற்று கண்காட்சிக் கூடத்தில் பார்த்திருப்பீர்கள். பழைய மேசைப் பலகையில் நான்கு மரச்சக்கரம் பூட்டி எங்கள் வகுப்பு செய்த வண்டி. செய்து முடித்ததும் அறிவியல் ஆசிரியையிடம் ஓடினேன்.

"டீச்சர், வண்டி சூப்பரா உருளுது."

"அதாம்மா பிரச்சினை. வர்றவங்க கை பட்டா உருண்டு போய் எதையாவது இடிச்சிடும். நாலு சக்கரத்துக்கும் கட்டை வெச்சிடு."

வைத்தோம். கட்டை வைத்தோம், கயிறு கட்டினோம், 'தொடாதீர்கள்' என்று பலகை மாட்டினோம். அதற்கு மேலே, 'மனித குலத்தை நகர்த்திய மாபெரும் கண்டுபிடிப்பு' என்று இன்னொரு பலகை. உருளாமல் இருப்பதற்காகவே ஒரு சக்கரம் செய்த பெருமை, அவையோரே, உலக வரலாற்றில் நமக்கே உரியது.

வெளியே ஏதோ கடகடவென்று சத்தம் கேட்கிறதா? இடி இல்லை, பயப்படாதீர்கள். பிறகு சொல்கிறேன்.

அந்த வண்டிக்குக் காவல் நின்றபோது, நமக்கெல்லாம் குடிநீர் கொண்டுவரும் தண்ணீர் அக்கா அந்தப் பக்கம் வந்தார். பின்வாசல் குழாயில் பிடித்த பெரிய கேன் இடுப்பில் இருந்தது.

"என்ன கண்ணு இது?"

"சக்கரம்க்கா. பாரத்தைச் சுமக்காம தள்ளிட்டுப் போறதுக்கு மனுஷங்க கண்டுபிடிச்சது."

கேனை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "நல்ல சாமானா இருக்கே. எப்பக் கண்டுபிடிச்சாங்க?"

"ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி."

"அப்ப நம்ம ஸ்கூலுக்கு வர்ற நேரம்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கைதட்டாதீர்கள். எனக்கு அன்று தட்டத் தோன்றவில்லை.

அக்காவுக்கு இடுப்பு வலி. ஒரு தள்ளுவண்டி வேண்டும் என்று பலமுறை அலுவலகத்தில் கேட்டிருக்கிறார். கிடைத்த பதில், "பார்க்கலாம்மா". இந்தப் 'பார்க்கலாம்' இருக்கிறதே, அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான். எண்ணெய் வேண்டாம், எரிபொருள் வேண்டாம், சக்கரம்கூட வேண்டாம். இருந்த இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் ஓடும். ஆனால் போன வாரம் அலுவலகம் வேறொன்றும் சொல்லியிருக்கிறது: "உன்னால தூக்க முடியலைன்னா சொல்லிடு, வேற ஆள் பாத்துக்கறோம்." வண்டி வாங்க முடியாது. ஆளை மாற்ற முடியும்.

நாளை கண்காட்சி முடிகிறது. எங்கள் வண்டி பொருள் அறைக்குப் போகும். அங்கே போன ஆண்டின் குயவர் சக்கரம் தூசிக்குள் தூங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டின் ஏர் அதன்மேல் சாய்ந்து கிடக்கிறது. மனிதன் மண்ணிலிருந்து தோண்டி எடுத்த நாகரிகத்தை நாம் ஆண்டுதோறும் அந்த அறையில் புதைக்கிறோம். எது நாகரிகம்? சக்கரத்தைக் கண்டுபிடித்ததா? கண்டுபிடித்த சக்கரத்துக்குக் கட்டை கொடுத்ததா? சக்கரத்தின் பெருமையை நாம் மேடையில் முழங்க, அதைக் கேட்பவர்களின் தாகத்துக்கு ஒருத்தி இடுப்பு ஒடியத் தண்ணீர் சுமப்பதா?

ஆகையால் இன்று காலை கட்டைகளை எடுத்துவிட்டேன். யாரிடம் அனுமதி கேட்டாய் என்பீர்கள். ஆதிமனிதன் யாரிடம் கேட்டான்?

அக்காதான் தயங்கினார். "உடைஞ்சா என்னைத்தானே திட்டுவாங்க."

"உடையாதுக்கா. உருளத்தான் செஞ்சோம்" என்றேன்.

இதோ, அந்தக் கடகட சத்தம் வாசலுக்கே வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பாருங்கள். அக்கா, உள்ளே வாங்க. இன்று வண்டியில் ஒரு கேன் இல்லை, நான்கு.

தாளாளர் ஐயா, தங்கள் முன்னால் உள்ள குவளைத் தண்ணீரும் காலையில் இதே வண்டியில் வந்ததுதான். கண்காட்சிப் பொருளுக்குச் சேதமில்லை. அக்காவின் இடுப்புக்கும் இல்லை. கோபம் இருந்தால் அது என்னோடு நிற்கட்டும். நான்கு கட்டைகளையும் தங்கள் மேசையில் வைக்கிறேன். நாளை பொருள் அறைக்கு இவை போகட்டும், வண்டி அக்காவிடமே இருக்கட்டும் என்று இந்த அவையிலேயே ஒரு சொல் சொல்லுங்கள். 'பார்க்கலாம்' மட்டும் வேண்டாம், ஐயா. அதை ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள்.

பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கும், நின்றே கேட்ட கால்களுக்கும் நன்றி. தொண்டை வறண்டவர்கள் கை தூக்குங்கள், தண்ணீர் உங்களிடமே உருண்டு வரும். வணக்கம்.