கருவாடு மணக்காத நோட்டுக்கட்டு

அஸ்ஸலாமு அலைக்கும்! வணக்கம்!

மணியை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்திருக்கும் அவைத்தலைவர் சோமசேகரம் ஐயா அவர்களே! தோணியேறித் துறை கடந்து வந்து கதிரைகளை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவைக்கு வந்த அன்புத் தாய்மார்களே! எல்லோருக்கும் மேலாக, கிண்ணியாவில் எங்கள் கூட்டுறவு வங்கியின் கம்பிக்குப் பின்னால் இருந்து, நாளை திருகோணமலை நகரத்துக்கு முகாமையாளராகப் போகும் கமலேஸ்வரி அம்மையார் அவர்களே!

கள்வன் என்றால் யார்? கன்னம் வைப்பவன் மட்டுமா? கூரை பிரிப்பவன் மட்டுமா? இல்லை ஐயா, இல்லை! வெளுத்த சட்டை போட்டு, வெள்ளித் தட்டில் வெற்றிலை நீட்டுபவனும் கள்வனாய் இருப்பான்!

எழுபதாம் ஆண்டை மறந்தீர்களா? ஐம்பதும் நூறும் இனிச் செல்லாது, சில நாட்களுக்குள் வங்கியில் ஒப்படையுங்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. எங்களுக்கென்ன கவலை? நூறு ரூபாய் நோட்டைக் கண்ட குசினி அடுப்பா எங்களுடையது! ஆனால் ஒரு முதலாளிக்கு உறக்கம் போயிற்று. பேரா? அது சொல்லேலாது, கேளாதேயுங்கள்! வரிக்கு ஒளித்து அலுமாரியில் அடுக்கிய கட்டுகளை ஏழு ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். “உங்கட பேரில போடுங்கோ, பிறகு எடுத்துத் தாங்கோ, கைக்கூலி தாறன்” என்றார். ஏழு பேரும் வங்கியில் வரிசையாய் நின்றார்கள்.

முதல் ஆள் கட்டை நீட்டினான். “கருவாடு வித்த காசு மிஸ்.”

அம்மையார் அதை மூக்கருகே பிடித்தார். “கருவாட்டு நானா, நீங்கள் தாற ரெண்டு ரூபாயும் கருவாடு மணக்கும். இது பூச்சி உருண்டையெல்லோ மணக்குது?”

அடுத்தவர் நெல் விற்றவர். அவர் கட்டிலும் பூச்சி உருண்டை! மூன்றாமவர் விறகு விற்றவர். அதிலும் பூச்சி உருண்டை! ஏழு தொழில், ஏழு வியர்வை, ஒரே அலுமாரி வாசம்! பணத்தைப் பூச்சி அரிக்காமல் பார்த்த முதலாளி, வங்கியில் ஒரு மூக்கு இருப்பதைப் பார்க்கவில்லை!

அம்மையார் ஏசினாரா? பொலிசைக் கூப்பிட்டாரா? இல்லை. கம்பிக்கு வெளியே வந்தார். “இதில கையெழுத்து வைச்சா காசு அந்த அலுமாரிக்காரருக்கு, மறியல்வீடு உங்களுக்கு. திருப்பிக் கொண்டுபோய்க் குடுங்கோ” என்றார்.

மாலையில் முதலாளியே வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். வங்கியை நடத்தும் கூட்டுறவுச் சங்கமே அவர் சொல்லுக்கு ஆடிய காலம் அது.

“தங்கச்சி, உங்கட உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகேல்ல. வீட்டில நாலு வாய் உங்கட சம்பளத்தைத்தான் பாத்திருக்கு. யோசியுங்கோ.”

“யோசிச்சனான் ஐயா. உங்கட காசெண்டா உங்கட பேரில போடுங்கோ. எங்க உழைச்சதெண்டு இந்தத் தாளில எழுதுங்கோ. வேற மாதிரி என்னால ஏலாது.”

அவர் எழுதவில்லை. கெடு முடிந்தது, கட்டெல்லாம் வெறும் கடதாசியாயிற்று. அந்தக் கோபத்தில் அம்மையாரைத் தூரத்து வெருகல் கிளைக்குத் தூக்கியடித்தார்கள். ஆறு வருடம் கழித்துத்தான் இங்கே திரும்பி வந்தார்! நாங்கள் ஒருவராவது வாய் திறந்தோமா? வெட்கத்தோடு சொல்கிறேன், இல்லை.

பின்னால் சிரிப்பது யார்? இராசையாவா? சிரியும், நன்றாய்ச் சிரியும்! விறகுக்காரராய் மூன்றாவதாக நின்றது நீர்தானே!

முதலாவதாக நின்ற கருவாட்டுக்காரன் யார் என்கிறீர்களா? ஒலிவாங்கியைப் பிடித்து உங்கள் முன் நிற்கும் இந்த அலியார்தான்! ஓம், நான்தான்! அப்போது என் மனைவிக்கு எட்டு மாதம். அடுத்த மாதம் பிறந்த என் மகள் அசனாவை முதலில் தூக்கியது இந்தக் கை. அன்று கையெழுத்து வைத்திருந்தால், இந்தக் கை அந்த நேரம் சிறைக் கம்பியைப் பிடித்திருக்கும்.

சட்டம் கொழும்பில் எழுதப்படலாம். அதைத் தாங்கிப் பிடிக்க இப்படி ஒரு மனுசி ஊருக்கு ஊர் வேண்டும்! வேண்டுமா, இல்லையா? கைதட்டுங்கள் தாய்மார்களே, வானம் அதிரத் தட்டுங்கள்!

இவ்வளவு நேரம் செவிதந்த உங்களுக்கு என் நன்றி, ஸலாமும் வணக்கமும். அம்மா, இது ஊரார் தரும் வாழ்த்துமடல். அன்று நீங்கள் தடுத்த கைதான் இதில் முதல் கையெழுத்தை வைத்திருக்கிறது. மணந்து பாருங்கள், கருவாடு மணக்கும்!